கடின நீருக்கு வீட்டில் என்ன வழி? தாமிரபரணிக் கடைமடையில் ஒரு பழைய கேள்வி

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் பூச்சு ஏறுகிறது. இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி மனிதர் கிணறு வெட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். வேறு தண்ணீர் தேடிப் போ என்பது ஒரு விடை. காய்ச்சிக் குடி, சுண்ணாம்பு போட்டுத் தெளிய வை, சாஃப்ட்னர் வை, ஆர்.ஓ. வை என்று காலத்துக்கொரு விடை பின்னால் வந்து சேர்ந்தது. புது விடை எதுவும் பழையதை முழுவதும் விரட்டவில்லை. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரே தெருவில் இவை எல்லாவற்றையும் பார்க்கலாம்.

இந்த விவாதத்தை எடைபோட ஆதிச்சநல்லூர் பொருத்தமான இடம். 1876இல் ஃபியோதர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரியாவும் தோண்டிய முதுமக்கள் தாழிக்காடு ஆற்றின் தென்கரையில் ஒரு சரளைப் பறம்பின் மேல் இருக்கிறது. பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது. சற்றுக் கிழக்கே ஸ்ரீவைகுண்டம் அணை, ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. அதற்கும் கிழக்கே வாழையும் வெற்றிலையும், பிறகு தேரி மணலும் உப்பளமும், முடிவில் புன்னக்காயல் முகத்துவாரம். இனிப்பு நீரிலிருந்து கடல்நீர் வரையிலான எல்லாப் படிகளும் சில பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே இங்கே ஒரு வீட்டுக்குச் சரியான ஏற்பாடு ஐந்து மைல் தள்ளி இன்னொரு வீட்டுக்குத் தவறாகப் போகலாம். ஆற்றுப்படுகை ஊற்றும் பறம்புப் பக்கத்து போரும் ஒரே குணம் என்றுகூட எடுத்துக்கொள்ள முடியாது.

கடினம் வேறு, உப்பு வேறு

விவாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. "உப்புத் தண்ணி" என்று பேச்சில் சொல்வது இரண்டு தனித்தனிக் குறைகளைச் சேர்த்துக் குறிக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருப்பது கடினம். சோப்பை முறிப்பதும் பாத்திரத்தில் படிவதும் இவை. சோடியம், குளோரைடு உள்ளிட்ட எல்லா உப்புகளின் மொத்தமும் டி.டி.எஸ். நாக்குக்குக் கரிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது குறையால்தான்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் மொத்தக் கடினத்தை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கலாம் என்கிறது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ்.ஸுக்கு இந்த இரு எல்லைகளும் 500, 2000. குளோரைடுக்கு 250, 1000.

உள்நாட்டில் கடினம் பெரும்பாலும் பாறையிலும் சுண்ணாம்பு மண்ணிலும் இருந்து வருகிறது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. இந்தக் கரையில் முத்தாக விளைந்த பொருளும் கெட்டிலின் அடியில் படியும் பொருளும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். கடலோரத்தில் இதோடு இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. கடல்நீரின் கடினம் லிட்டருக்கு ஏறத்தாழ 6,500 மி.கி., குளோரைடு ஏறத்தாழ 19,000 மி.கி. நல்ல கிணற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே கடினம் 130 மி.கி. ஏறும், குளோரைடு 380 ஏறி முதல் எல்லையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட கிணற்றுக்கு சாஃப்ட்னர் மட்டும் வைத்தால் சோப்பு நுரைக்கும், கரிப்பு போகாது. இதைச் சொல்லாமல் விற்பதால் வரும் ஏமாற்றம் அதிகம்.

வேறு தண்ணீர் தேடும் வழி

பழைய விடை எளிமையானது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு தண்ணீர், மற்றதற்கு இன்னொன்று. தென்மாவட்ட வீடுகளில் "நல்ல தண்ணி"க் குடம் தனியே இருப்பது இந்தப் பகுப்பால்தான். ஊருணிகள் மழைநீரைக் குடிப்பதற்கென்றே காத்தன. கடலோரத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தார்கள். திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு மிக அருகில் இருந்தும் குடிக்கத்தக்க நீர் தருவது பக்தர்களுக்கு முருகன் அருள். நிலநீரியலாளர்கள் அதே வியப்பை வேறு மொழியில் சொல்கிறார்கள்: மணலில் இறங்கிய மழைநீர், எடை கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. பாடன் கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் இருவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நல்ல நீர் இருக்கும். இதன் மறுபக்கம் கடுமையானது. மேலே 1 மீட்டர் இறைத்துத் தாழ்த்தினால் காலப்போக்கில் கீழிருந்து 40 மீட்டர் உப்பு ஏறி வரலாம். மேலோட்டமான ஊற்று இனிப்பாக இருந்த இடத்தில் ஆழ்போர் உப்பாவதை இந்தக் கணக்கு ஓரளவு விளக்குகிறது.

ஆற்றுநீரைக் குழாயில் கொண்டுவந்ததும் இதே விடையின் பெரிய வடிவம்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும், 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டமும் இந்த வழியில் வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் சுண்ணாம்பு அதிகமில்லாததால் அங்கிருந்து இறங்கும் நீர் மென்மையானது. அது வீடுவரை வந்து சேருமானால் குடிநீருக்கு ஆர்.ஓ. வேண்டியதே இல்லை. நாள் தவறாமல் வருமா என்பதுதான் இந்த விடையின் பலவீனம். கடைமடைக்குத் தண்ணீர் வருவது மேல் அணைகளையும் மழையையும் பொறுத்தது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கு நீர் எடுத்த 20 எம்.ஜி.டி. (நாளுக்கு 20 மில்லியன் காலன்) திட்டத்தின் மேல் நடந்த வழக்குகளும் இந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தவை.

மழைநீரை இவ்வளவு எளிதாக நாம் ஒதுக்கிவிட்டது சரியில்லை. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது நிலத்துக்குள் விடும் குழியோடு நின்றது. 100 சதுர மீட்டர் மாடி, ஆண்டுக்கு 600 மி.மீ. மழை, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபடும் என்று வைத்தால் 48,000 லிட்டர் கிடைக்கும். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றால் ஆண்டுத் தேவை 14,600 லிட்டர்தான். அளவு போதும். வடகிழக்குப் பருவம் முடிந்தபின் ஒன்பது மாதத்துக்குச் சேர்த்துவைக்க 11,000 லிட்டர் தொட்டி வேண்டும் என்பதே தடை. அதற்கு இடமும் முதலும் எல்லோரிடமும் இல்லை.

இருக்கும் தண்ணீரை மாற்றும் வழி

தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிய வைப்பது பழைய வழக்கம். அது கலங்கலை அடியில் இறக்கும், கடினத்தைக் குறைக்காது. பளிங்காகத் தெரியும் தண்ணீரிலும் 800 மி.கி. கடினம் இருக்க முடியும். காய்ச்சினால் பைகார்பனேட்டாக இருக்கும் "தற்காலிகக் கடினம்" மட்டும் படியும். சல்பேட், குளோரைடாக இருப்பது அப்படியே நிற்கும். அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்ற சுண்ணாம்பு முறை ஊர் அளவில் இதையே நெருப்பில்லாமல் செய்தது.

அயனிப் பரிமாற்றம் வேறு பாதையில் வந்தது. 1850இல் இங்கிலாந்தில் தாம்சன், வே இருவரும் மண் சில உப்புகளைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை விடுவதைக் கவனித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் செயற்கை ஜியோலைட்டைக் கொண்டு தண்ணீரை மென்மையாக்கினார். 1935இல் ஆடம்ஸும் ஹோம்ஸும் செயற்கை ரெசின் செய்தனர். இன்று வீட்டு சாஃப்ட்னர் குப்பியில் இருக்கும் பழுப்பு மணிகள் அந்த வழிவந்தவை. அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிறைந்ததும் உப்புநீர் ஊற்றிக் கழுவினால் பழைய நிலைக்கு வரும்.

எதிர்ச் சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ., 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகியோர் உருவாக்கிய சவ்வால் நடைமுறைக்கு வந்தது. அது எல்லா உப்பையும் பெருமளவு தடுக்கிறது. வீட்டுக் கருவிகளில் மூன்று, நான்கு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர்தான் குடிக்கக் கிடைக்கும், மீதி கழிவு. இதனால்தான் 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யவும், அனுமதிக்கும் இடங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் நீர் மீட்கவும் சொன்னது.

உப்பு வேண்டாத காந்தக் கருவிகள் 1945 பெல்ஜியக் காப்புரிமைக் காலத்திலிருந்தே விற்பனையில் உள்ளன. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சில சூழலில் படிவு குறையலாம், ஆனால் கடினம் குறைவதில்லை. 600 மி.கி. தண்ணீருக்கு இவற்றை நம்பிப் பணம் போடச் சொல்ல இப்போதைக்கு ஆதாரம் போதாது.

உடம்புக்கு என்ன செய்கிறது

"உப்புத் தண்ணி குடித்தால் கல் வரும்" என்ற நம்பிக்கை வலுவானது. ஆனால் 1993இல் அமெரிக்காவில் 45,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் கொண்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் குறைவாகவே வந்தது. கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிவிடுகிறது என்பது விளக்கம். தண்ணீரிலுள்ள கால்சியத்துக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. வெயிலில் உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்வோருக்குப் போதிய தண்ணீர் குடிக்காததே பெரிய காரணமாக இருக்கலாம். தண்ணீர் கரிப்பதால் குறைவாகக் குடிப்பதும் இதில் சேரும்.

மறுபக்கத்தில், 1957இல் ஜப்பானில் கோபயாஷியும் 1960இல் அமெரிக்காவில் ஷ்ரோடரும் மென்னீர்ப் பகுதிகளில் மூளை, இதய நோய்ச் சாவுகள் கூடுதல் என்று காட்டினார்கள். மெக்னீசியம் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து இன்னும் உயிரோடு இருக்கிறது, உறுதிப்படவில்லை. தோலைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் எக்சிமா உள்ள 336 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில் சாஃப்ட்னர் வைத்த வீடுகளில் நோய்த் தீவிரம் கூடுதலாகக் குறையவில்லை. முடி உதிர்வுக்கும் இதே கதிதான். கோயம்புத்தூர் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், கடின நீரில் நனைத்த முடியின் இழுவைத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆக சாஃப்ட்னர் வாங்க நியாயமான காரணம் குழாய், கீசர், சோப்புச் செலவு ஆகியவையே. மருத்துவக் காரணம் சொல்லி விற்பதை ஏற்க முடியாது.

ஒரு கணக்கை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 100 மி.கி. கடினத்தை நீக்கும்போது சாஃப்ட்னர் லிட்டருக்கு 46 மி.கி. சோடியம் சேர்க்கிறது. 600 மி.கி. நீரை முழுதும் மென்மையாக்கினால் 276 மி.கி. கூடும். அதை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 550 மி.கி. சோடியம் உடம்பில் ஏறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 2 கிராம் எல்லையில் கால் பங்குக்கு மேல். இரத்த அழுத்தக்காரர் உள்ள வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. சமையலறைக் குடிநீர்க் குழாயை சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிட வேண்டும், அல்லது அதன் பின்னால் ஆர்.ஓ. வைக்க வேண்டும்.

பொருத்துவதில் தவறுகள் எங்கே

கருவி விவரப் புத்தகங்கள் பெரும்பாலும் அழுத்தமுள்ள நகராட்சிக் குழாயை நினைத்து எழுதப்பட்டவை. நம் வீடுகளில் மேல்நிலைத் தொட்டிதான் அழுத்தம் தருகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். மாடித் தொட்டி தரையிலிருந்து 6 மீட்டர் என்றால் 0.6 பார்தான். தானியங்கி வால்வு உப்புநீரை உறிஞ்சவே பொதுவாக ஒன்றரை பார் அளவு கேட்கும். அழுத்தம் இல்லாவிட்டால் கருவி சத்தமில்லாமல் தோற்கும். நேரத்துக்கு வால்வு சுற்றும், உப்புத் தொட்டியில் தண்ணீர் அப்படியே நிற்கும், ரெசின் கழுவப்படாது, வீட்டில் வருவது பழைய தண்ணீர்தான். தீர்வு இரண்டு. போர் மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவில் சாஃப்ட்னரை வைக்கலாம். மோட்டாரின் ஓட்டம் கருவியின் கொள்ளளவுக்குள் இருக்க வேண்டும், வீடு முழுதும் மென்னீர் போகும். அல்லது தொட்டிக்குக் கீழே அழுத்த மோட்டார் போட்டுக் குளியலறைக் கிளைக்கு மட்டும் வைக்கலாம். என் கணிப்பில், செலவு சற்றுக் கூடினாலும் இரண்டாவதே பொறுப்பான வழி.

வரிசையில் கருத்து வேறுபாடு குறைவு. முதலில் மணல், தூசி பிடிக்கும் ஃபில்டர். இரும்பு இருந்தால் அதற்குத் தனி வடிகட்டி. இல்லாவிட்டால் இரும்பு ரெசின் மணிகளை மூடிவிடும். பிறகு சாஃப்ட்னர். அதன்பின் குடிநீர்க் கிளையில் கார்பன், ஆர்.ஓ., கடைசியில் யூ.வி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கார்பன் சவ்வுக்கு முன்னால் வரவேண்டும், குளோரின் சவ்வை அரிக்கும். சாஃப்ட்னரைச் சுற்றி மூன்று வால்வு பைபாஸ் கட்டாயம். பழுது பார்க்கும்போது வீடு வறண்டுபோகக் கூடாது. கழிவுக் குழாயின் முனை சாக்கடை நீரைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழையைக் கண்ட மாவட்டத்தில், மின்பலகையையும் வால்வையும் இடுப்பு உயரத்துக்கு மேல் வைப்பதும் வரிசையின் பகுதிதான்.

சோதனை விஷயத்தில் ஏமாற்று அதிகம். டி.டி.எஸ். மீட்டரால் சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று அறிய முடியாது. உள்ளே போன டி.டி.எஸ்.ஸும் வெளியே வரும் டி.டி.எஸ்.ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்கம்பியை விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் விற்பனை வித்தையில் தெரிவது கம்பியின் இரும்பு. வேண்டியது சொட்டுச் சோதனைப் பெட்டி. நிறங்காட்டி போட்ட நீர் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாற எத்தனை சொட்டு என்று எண்ணினால் கடினம் தெரிந்துவிடும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் டி.டி.எஸ். மீட்டரிலும் சொட்டுச் சோதனையிலும் தெரியாது, சாஃப்ட்னரால் ஃபுளோரைடு போகவும் போகாது. மாவட்டத்தின் சில பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் கருவி வாங்குவதற்கு முன் குடிநீர் வாரிய ஆய்வகச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இங்கே மட்டும் எழும் ஒரு தகராறு உப்பு பற்றியது. உப்பளம் கண்ணெதிரே இருக்கும்போது பாத்தியிலிருந்து வந்த கல்லுப்பையே போட்டால் என்ன? பாத்தியில் உவர்நீர் காயும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. பிறகு ஏறத்தாழ 25 பாமே அடர்த்தியில் உப்பு படியத் தொடங்குகிறது. மெக்னீசியம் கடைசி வடிநீரில் தங்குகிறது. வாருகோலால் வாரி வரப்பில் குவித்த உப்பில் ஜிப்சம், மெக்னீசியம் இரண்டின் சாயலும் களிமண்ணும் ஒட்டியிருக்கும். எந்தக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரெசினிலிருந்து விரட்டப் போகிறோமோ அதையே திரும்ப உள்ளே விடுவதாக அது முடியும், உறிஞ்சு குழாயும் அடைபடும். கழுவிச் சுத்திகரித்த உப்பு போதும். அயோடின் சேர்த்த சாப்பாட்டு உப்புக்குக் கூடுதல் விலை தரத் தேவையில்லை.

கழிவு போகும் இடம்

இந்த விவாதம் பெரும்பாலும் தவிர்க்கும் பகுதி இது, இதுவே மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர், கடினம் 600 என்று வைத்தால் நாளுக்கு 324 கிராம் கடினம் நீக்க வேண்டும். 25 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 50 கிராம் பிடிக்கும் என்றால், நான்கு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். ஒரு கழுவலுக்கு 3 கிலோ உப்பு, மாதத்துக்கு 23 கிலோ. அதில் 14 கிலோ குளோரைடு. பிடிபட்ட கடினத்தோடு சேர்ந்து அந்தக் குளோரைடு முழுதும் கழிவாக வெளியேறுகிறது. 56,000 லிட்டர் நல்ல நீரின் குளோரைடை 250 மி.கி. உயர்த்த அது போதும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் இது போவது உறிஞ்சு குழிக்கு, அங்கிருந்து அதே தெருக் கிணறுகளுக்கு.

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் இதே சிக்கல் வந்தது. வீட்டு சாஃப்ட்னர் உப்பு சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் சேர்ந்து ஸ்ட்ராபெரி, அவகாடோ வயல்களுக்குக் கேடாகும் என்று கண்டு, 2008இல் மக்கள் வாக்கெடுப்பில் தானியங்கிக் கருவிகளை அகற்ற முடிவு செய்தார்கள். வாழையும் உப்பைத் தாங்காத பயிர். ஸ்ரீவைகுண்டம் கால்களில் வாழையும், ஆத்தூர்ப் பக்கம் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையும் விளையும் நிலத்தில் இந்தக் கவலை அன்னியமானதல்ல. பொட்டாசியம் குளோரைடு போடலாம் என்பார்கள். செடிக்குச் சற்று நல்லது, ஆனால் விலை அதிகம், குளோரைடு குறையாது, சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஆபத்து.

குறைத்துப் பயன்படுத்துவதே கையிலிருக்கும் வழி. அந்த 135 லிட்டரில் 45 கழிவறைக்குப் போகிறது, அதற்கு மென்னீர் வீண். மீதியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாமல், கலப்பு வால்வு வைத்துக் கடினத்தை 150 மி.கி. அளவில் நிறுத்தினால் நாளுக்கு 162 கிராம் நீக்கினால் போதும். உப்பும் கழிவும் பாதியாகும். நல்ல பிளம்பர் அரை நாளில் செய்யக்கூடிய வேலை இது. விற்பனைப் பட்டியலில் மட்டும் இது அரிதாகவே இருக்கிறது.

இன்னும் தீராதவை

ஆற்றுநீர் ஒழுங்காக வரும் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பதும், சாஃப்ட்னர் நீர் குடிக்க ஏற்றதல்ல என்பதும் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. மெக்னீசியம் இதயத்தைக் காக்கிறதா, பல ஆண்டுகள் ஆர்.ஓ. நீர் மட்டும் குடிப்பவர்களுக்கு இந்த ஊர் உணவு தாதுக்குறையை ஈடுசெய்கிறதா என்பவை முடிவாகவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஒரு கிணற்றின் குணம் எத்தனை பருவத்துக்கு மாறி நிற்கும் என்பதும் வீட்டுக்கு வீடு பார்த்தே சொல்ல வேண்டியது.

கடற்கரையில் ஏற்கெனவே உவராகிப்போன மண்ணில் சாஃப்ட்னர் கழிவு பெரிய கூடுதல் சுமையாக இருக்காது. ஆதிச்சநல்லூர் போல ஆற்றோரம் இன்னும் நல்ல நீர் தங்கும் மண்ணில் அது அப்படியல்ல. இரண்டுக்கும் ஒரே விதி எழுதுவது சரியாக இராது. எந்த வருவாய் கிராமத்திலிருந்து எந்த விதி என்று கோடு கிழிக்க, கிணறுவாரியாகக் கோடையிலும் மழையிலும் எடுத்த கடினக் கணக்கு தேவை. வீட்டுக்கு வீடு கருவி வைப்பதற்குப் பதில் ஊருக்கு ஒன்று வைத்து, கழிவை நிலத்தில் விடாமல் அடியில் தாள் விரித்த பாத்தியில் வெயிலில் காயவிடலாமா என்பதும் யோசிக்கத்தக்கது. உவர்நீரைக் காயவைக்கும் தொழில் இந்த மாவட்டத்தின் கையிலேயே இருக்கிறது. ஆனால் காய்ந்து மிஞ்சும் கால்சியம், மெக்னீசியக் கலவையை யார் எடுத்துப் போவது, பாத்திக்கு நிலம் யார் தருவது, அதன் பொறுப்பு ஊராட்சிக்கா, குடிநீர் வாரியத்துக்கா, கருவி வைத்தவர்களுக்கா என்பதற்கு இன்னும் விடை இல்லை.